இரண்டாவது லைனில் கலெக்டர்

1

இந்தக் கதை ஒரு பயனர் கையேட்டிலிருந்து பிறந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு சந்தேகத்திலிருந்து. கையேடு பிற்பாடுதான் வந்தது.

அரூரில் புளி மொத்த வியாபாரி ஒருவரிடம் பட்டா மாற்றத்துக்குச் சிபாரிசு கேட்டுப் போயிருந்தேன். அவர் மேசைமேல் இரண்டு லைன் கொண்ட கார்ட்லெஸ் போன் இருந்தது. ஒரு பெரிய செட், பக்கத்தில் கையோடு எடுத்துப் போகிற கருவி ஒன்று. அது அடித்தது. சின்னத் திரையில் ஆங்கில எழுத்தில் ‘கலெக்டர்’ என்று ஒளிர்ந்தது. அவர் முதலில் திரையை என் பக்கம் திருப்பினார். அதற்கப்புறம்தான் எடுத்தார்.

அன்று திங்கட்கிழமை. மாவட்டத்துச் சனமெல்லாம் மனுவோடு தருமபுரியில் வரிசை கட்டி நிற்கிற காலை நேரம். அந்த நேரத்தில் ஒரு கலெக்டர் புளி வியாபாரியைக் கூப்பிட்டுக் கொஞ்சுவாரா? கொஞ்சியதும் கலெக்டர் இல்லை. எல்லாவற்றையும் இவரே பேசினார். மறுமுனைக்கு மூச்சுவிடக்கூட இடம் கொடுக்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல் மேசையில் கிடந்த கையேட்டைப் புரட்டினேன். அழைப்பவரின் எண் உங்கள் போனில் பதிவாகியிருந்தால், எண்ணுக்குப் பதிலாக நீங்கள் வைத்த பெயர் திரையில் தோன்றும் என்று போட்டிருந்தது. ‘நீங்கள் வைத்த பெயர்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இனி வருவதெல்லாம் அந்த மூன்று சொற்களுக்கு நான் எழுதுகிற உரை. உரைகாரன் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘அரூரின் மேற்கே, புளியமரங்கள் கைகோத்து நிற்கும்’

(போதும். புளி வியாபாரி என்றால் புளியமரம் வைத்தே தீரவேண்டுமா?)

இரண்டாம் முயற்சி: ‘பச்சியப்பனுக்கு லைன் இரண்டு, மனைவி ஒன்று.’

(படித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.)

மூன்றாம் முயற்சிதான் நீங்கள் படிக்கப்போவது. அலங்காரம் இல்லை. ஆள் போதும்.

3

பச்சியப்பன். அனைத்துப் புளி வணிகர் எழுச்சிப் பேரவையின் நிறுவனர், தலைவர், பொருளாளர்.* ஊரே செல்போனுக்கு மாறிய பிறகு பெங்களூரிலிருந்து மச்சினனை விட்டு இந்த போனைத் தருவித்தவர்.

“செல்போனு மாடு மேய்க்கறவங்கிட்டயும் இருக்குதுங்க. ரெண்டு லைனு யாரு வெச்சிருக்கறான், சொல்லுங்க பாக்கலாம்?”

போனில் பெரிய செட்டோடு இரண்டு கைக்கருவிகள். ஒன்று அவர் மேசையில். இன்னொன்று மாடிக் கிடங்கில், கணக்கு எழுதும் ஜெயபிரியாவிடம். மேலே இருந்து ஜெயபிரியா இரண்டாவது லைனை எடுத்து முதல் லைனுக்கு அடிப்பாள். கீழே மணி அடிக்கும். தன்னுடைய இரண்டாவது லைன் எண்ணுக்குத்தான் பச்சியப்பன் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தார். மற்றபடி அது ஒரு நல்ல போன்.

*உறுப்பினர்கள் யார் என்று கேட்டுவிட்டேன். “சேர்ந்துக்கிட்டே இருக்காங்க” என்றார்.

4

ஜெயபிரியாவை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதலில் அவளை ஒன்றும் அறியாத பெண்ணாக எழுதினேன். நம்ப முடியவில்லை. போனை அடித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிற ஒருத்திக்கு ஏன் அடிக்கிறோம் என்று தெரியாதா? தெரியும். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே செய்தாள். தோழி ஒருத்தி அவளிடம், “அந்த மண்டியில உனக்கு என்னாடி வேலை?” என்று கேட்டபோது, “பில்லு போடணும், டீ வாங்கியாரணும், நடுநடுவுல கலெக்டரா இருக்கணும்” என்று சொன்னவள்தான்.

சிரிப்பு நின்றது எப்போது என்றால், தீர்த்தன் வந்தபோது.

தீர்த்தன் காரிமங்கலத்துக்காரர். அவர் மகன் கோகுல்ராஜுக்கும் ஜெயபிரியாவுக்கும் பூ வைத்தாகிவிட்டது. மகனுக்கு ஏதாவது அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலையாவது கிடைக்குமா என்று, மருமகளாக வரப்போகிறவளின் முதலாளியிடமே வந்துவிட்டார். காபி கொண்டுபோய் வைத்த ஜெயபிரியா மாடிக்குத் திரும்பியபோது அவளுக்குச் சிரிப்பு வந்திருக்காது. (வந்ததா என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் இனி மாமா என்று கூப்பிடப் போகிறவருக்கே பொய் கலெக்டர் ஆவது கொஞ்சம் அதிகம்.)

5

நடந்தது இதுதான். பச்சியப்பன் மேசைக்கடியில் இருந்த பொத்தானைக் காலால் மிதித்தார். மாடியில் சின்ன மணி அடித்தால் ஜெயபிரியா போன் அடிக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து வாசலில் புளி லாரி ஒன்று பின்னால் வந்து மின்கம்பத்தை உரசப் பார்த்தது. “டேய், கம்பம்டா! கண்ணு இல்லையாடா?” என்று வெளியே பாய்ந்தார்.

அறையில் மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர். தீர்த்தன், பிறகு பீரோ சாவி வாங்க வந்த பச்சியப்பன் மனைவி குள்ளம்மாள். போன் அடித்தது. தீர்த்தன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

“அம்மா... கலெக்டருங்க.”

குள்ளம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கருவியை எடுத்தாள். “வணக்கங்க ஐயா. அவுரு வெளிய லாரிகிட்ட நிக்கறாருங்க. நான் அவுரு சம்சாரம் பேசறேனுங்க.”

மறுமுனையில் ஒரு மூச்சு. கண்ணாடி வளையல் குலுங்கும் சத்தம். அழைப்பு துண்டானது.

“ஏண்ணா, நம்ம கலெக்டரு ஆம்பளையா, பொம்பளையா?”

“மாத்திக்கிட்டே இருக்காங்கம்மா. இப்ப யாருன்னு தெரியல.”

“யாரா இருந்தா என்ன, கண்ணாடி வளையலா போடுவாங்க?”

கொஞ்ச நாளாக வீட்டுக்கு நேரம் கழித்து வருகிற புருஷன் சொல்கிற ஒரே காரணம், கலெக்டர் கூப்பிட்டார் என்பது. குள்ளம்மாள் அந்தப் பெயரைப் பார்த்தபடியே திரும்ப அழைக்கும் பொத்தானை அமுக்கினாள். மணி தலைக்கு மேலே, கூரைக்கு அந்தப் பக்கம் அடித்தது.

கம்பியில்லாத போனின் பெரிய வசதி, சந்தேகப்படுகிறவர் நடந்துகொண்டே சந்தேகப்படலாம் என்பது. கருவியைக் காதில் வைத்தபடியே படியேறினாள்.

6

“நீதான் கலெக்டரா?”

புளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஜெயபிரியா எழுந்தாள். கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, ஐயாதான் அடிக்கச் சொன்னாரு.”

“எதுக்கு?”

“வந்தவங்க பாக்கறதுக்குங்க.”

“எவ்ளோ நாளா நடக்குது இது?”

“பொங்கலுக்கு முன்னால இருந்துங்க. ஆனா நான் ஒண்ணும் பேசமாட்டேங்க்கா.”

குள்ளம்மாள் தன் கையிலிருந்த கருவியை அணைத்தாள். “பேசாத பேச்சுக்கு எதுக்குடி போனு? எனக்குக் காது குத்தறியா?”

பச்சியப்பன் மூச்சிரைக்க மேலே வந்தார். நிலைமை ஒரு பார்வையில் புரிந்திருக்க வேண்டும். (புரியாதவர் மாதிரி அவர் நின்றதால் எனக்கு அது உறுதி.)

“ஐயா, சொல்லுங்கய்யா. அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. கீழ எங்க மாமனாரு இருக்காரு.”

அவரிடம் இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் பெயர் பிழைக்கும், கலெக்டர் சாவார். சும்மா இருந்தால் கலெக்டர் பிழைப்பார். பச்சியப்பன் யோசித்ததாகத் தெரியவில்லை.

“ஆபீசு விசயத்த இங்க வெச்சுப் பேசாத குள்ளம்மா” என்றார். ஜெயபிரியாவிடம் குரலைத் தாழ்த்தி, “நீ நாளையில இருந்து வர வேணாம்மா” என்றார். பிறகு மாடிப்படி பக்கம் திரும்பிக் கம்பீரமாகக் குரல் கொடுத்தார். “தீர்த்தண்ணா, போயிராதீங்க! கலெக்டரு லைன்ல இருக்காரு!”

வேலையை விட்டு நிறுத்தியது குள்ளம்மாளின் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது போல ஆயிற்று. சாயங்காலத்துக்குள் இது காரிமங்கலம் போய்ச் சேரும். வைத்த பூவும் வாடுவதற்குள் திரும்பி வரும்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) பச்சியப்பன் மனம் திருந்தி மனைவியிடம் உண்மையைச் சொல்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. காமாந்தகாரன் என்ற பட்டத்தை ஒரு தலைவர் தாங்கிக்கொள்வார். சில பேர் அதைத் துண்டுபோல் தோளில் போட்டுக்கொண்டே திரிவார்கள். கலெக்டர் கூப்பிடாத ஆள் என்ற பட்டம்தான் தாங்காது.

ஆ) ஜெயபிரியா எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல, குள்ளம்மாள் நம்பிவிடுகிறாள். இதில் ஒரு சிக்கல் வந்தது. நம்பிய குள்ளம்மாள் மகிழ்ச்சி அடைவாள் என்றுதான் எழுதப் போனேன். அவளோ மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப கலெக்டரு கூப்புடவே இல்லையா? எந் தங்கச்சி வூட்டுக் கலியாணத்துல அத்தன பேருக்கு முன்னால சொன்னனே!”

கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்ந்தாள். “பொய் சொல்றா” என்றாள். புருஷனைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜெயபிரியாவைப் பார்த்தும் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னாள்.

ஆக அந்த மாடியில் உண்மையால் லாபம் உள்ள ஒரே ஆள் ஜெயபிரியா. அந்த லாபமும் முழுசு இல்லை. உண்மையைச் சொன்னால் மாமனாரை ஏமாற்றப் பார்த்தவள், சொல்லாவிட்டால் முதலாளியோடு சேர்த்துப் பேசப்படுகிறவள்.

இ) அவள் அழுதுகொண்டே பஸ் ஏறுகிறாள். இதை எழுதவே இல்லை. எழுத உட்கார்ந்தபோது அவள்

8

அவள் என்னைக் கேட்காமல் போனை எடுத்தாள். இரண்டாவது லைனை அமுக்கினாள். முதல் லைனுக்கு அடித்தாள்.

“என்னாம்மா பண்ற? வெய்யி, வெய்யி கீழ!” என்றார் பச்சியப்பன். முதல் தடவையாக அவர் குரலில் பயம் இருந்தது.

“கலெக்டரு பேசறேங்கய்யா” என்றாள் ஜெயபிரியா. “இந்தவாட்டி பேசப்போறேன்.”

கீழே மேசைமேல் பெரிய செட் அடிக்கிறது. அறையில் தீர்த்தன் மட்டும். எடுத்தால் அவர் கேட்கப்போவது, “மாமா, நான் ஜெயபிரியா பேசறேன். இங்க கலெக்டருன்னு யாரும் இல்ல. வந்தவங்க எதிர்ல அடிக்கச் சொல்லித்தான் என்னைய மேல உக்கார வெச்சிருக்காங்க.” அதற்குப் பிறகு அவர் அவளை மருமகளாக ஏற்பாரா, துரத்துவாரா, எனக்குத் தெரியாது. ஆனால் அவள் வாயால் கேட்டிருப்பார்.

தீர்த்தன் எடுக்கவில்லை. எடுக்க வைக்கப் பலமுறை எழுதிப் பார்த்தேன், அவர் கை போகவே மாட்டேன் என்கிறது. எத்தனையோ திங்கட்கிழமை வரிசையில் நின்று பழகிய மனிதர். திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, போனைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். மேலே படியில் பச்சியப்பன் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்கிறது.

இதற்குமேல் என்னால் ஆகாது. நானும் அங்கே பட்டாவுக்குப் போனவன்தான், எனக்கும் அந்தக் கலெக்டர் வேண்டியிருக்கிறது. நீங்களும் யோக்கியமாக இத்தனை பக்கம் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஏதோ ஒரு சிபாரிசுக்காகத்தான் தீர்த்தனுக்குப் பக்கத்து நாற்காலியில் இடம் பிடித்திருப்பீர்கள் என்பது என் சந்தேகம். ஸ்பீக்கர் பொத்தான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அமுக்கினால் அவள் குரல் அறை முழுக்கக் கேட்கும், உங்கள் காரியம் கெடும்.

பச்சியப்பன் கடைசிப் படிக்கு வந்துவிட்டார். இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.