ஆர்டிஸ் துவைத்த அங்கி

1

இந்தக் கதை என் கழுத்தில் தொடங்கியது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று புதிதாக ஒரு சலவைத்தூள் வாங்கிச் சட்டைகளைத் துவைத்தேன். மறுநாள் காலர் படுகிற இடமெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. சொறிந்துகொண்டே யோசித்தேன். இதே அரிப்பு, சொறியவே முடியாத இடத்தில் நிற்கிற ஒருத்திக்கு வந்தால்? தேவாலயத்தில், எல்லோருக்கும் முன்னால், பாடிக்கொண்டிருக்கும்போது? புத்தியுள்ளவர் களிம்பு வாங்கப் போயிருப்பார். நான் எழுத உட்கார்ந்தேன்.

2

கொரின் ஹாகன் ஜன்னலருகே நின்று பனி பெய்வதை

(வேண்டாம். பாதி வருஷம் பனி கொட்டுகிற இந்த அமெரிக்க மினசோட்டாவில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்?)

மறுபடியும். கொரின் ஹாகன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயப் பாடகர் குழுவில் தனிப்பாடல் என்றால் அவள்தான். குழுவின் வெள்ளை அங்கிகளைத் துவைப்பவள் ஆர்டிஸ் டோலஃப்சன். கணவர் இறந்தபிறகு அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. அவள் போடும் தூளின் லாவெண்டர் வாசனை கடைசி வரிசைவரை போகும். ஆர்டிஸ் எப்போதும் பருத்திக் கையுறை போட்டிருப்பாள்.*

அந்த வாசனைதான் கொரினுக்கு ஆகாது. தோல் மருத்துவர் முதுகில் என்னென்னவோ ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாசனை சேர்த்தது எதுவும் உங்களுக்கு ஒத்துக்காது. களிம்பைத் தடவிட்டு மறுபடி அதையே போட்டா, புண்ணாத்தான் ஆகும்."

வீட்டில் கொரின் எல்லாவற்றையும் மாற்றினாள். வாசனையில்லாத தூள், அதிலும் கொஞ்சமாக, பிறகு இன்னொரு முறை அலசல். அங்கிக்குள் பழைய பருத்திச் சட்டை, கழுத்தில் வாசலின். ஆனாலும் அங்கியின் கழுத்துப்பட்டை விடுவதாயில்லை. பாட ஆரம்பித்ததும் நெளிவாள், தோளைக் குலுக்குவாள், கண்ணில் நீர் கொட்டும்.

எங்கள் சபையில் ஒருவர் புருவத்தைத் தூக்கினாலே அது பெரிய உணர்ச்சி. அப்படிப்பட்டவர்கள் ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டே, "கொரின் பாடினா தேவனே பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள்.

* கையுறைக்குக் காரணமெல்லாம் இல்லை. ஆள் கொஞ்சம் கண்ணில் நிற்கட்டுமே என்று மாட்டிவிட்டேன்.

3

கொரின் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். நானும் அவளைக் காபி மேஜைக்கு அனுப்பிப் பார்த்தேன்.

"ஆர்டிஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு."

"இந்த... இந்த எலுமிச்சை கேக் ரொம்ப நல்லாருக்கு."

"அப்போ இன்னொரு துண்டு எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டாள். நான் எழுதிக் கொடுத்த வசனம், 'உங்க சலவைத்தூள் எனக்கு ஒத்துக்கல.' அது அவள் தொண்டையைத் தாண்டவில்லை. இந்த ஊரில் யாராவது உங்கள் காலை மிதித்தால், மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

4

ஆகவே அவளைத் திருட வைத்தேன். அங்கியைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு போய் வீட்டில் துவைத்தாள். அந்த ஞாயிறு அரிப்பே இல்லை. நிமிர்ந்து நின்று நிம்மதியாகப் பாடினாள். முடிந்ததும் ஆர்டிஸ் ஓடி வந்தாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்?"

"இல்ல, இன்னிக்கு என்னவோ மனசுல ஒட்டல." சொல்லிக்கொண்டே தோளில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "அடக் கடவுளே, இதுல வாசனையே இல்லையே! எப்படி விட்டுப்போச்சு? கழட்டிக் குடு, ரெண்டு தடவை போட்டு எடுத்துடறேன்."

கொரின் காரில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை காலம் சபையை உருக்கியது தன் குரலா, தன் சொறியா? அது தெரியாமல் இனி அவளால் பாட முடியாது. ஈஸ்டருக்குத் தனிப்பாடல் வேறு அவளுடையது.

5

முடிவு ஒன்று: கொரின் குழுவை விட்டே விலகுகிறாள். (பாடாமல் இவள் உயிரோடு இருக்கமாட்டாள்.)

முடிவு இரண்டு: ஆர்டிஸ் குளிர்காலத்தில் இறந்துபோ

(சீ. ஒரு சலவைத்தூளுக்காகக் கொலையா? கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: ஈஸ்டர் காலை, கீழ்த்தளத்து அங்கி அறை. "கையை நீட்டு" என்று ஆர்டிஸ் அங்கியை மாட்டிவிடுகிறாள். கழுத்துக் கொக்கி சிக்கவில்லை. "இந்தக் கையுறையோட முடியல" என்று கழற்றுகிறாள். சத்தியமாக இது என் திட்டத்தில் இல்லை.

விரல்களெல்லாம் வெடித்து, சிவந்து, தோலுரிந்து கிடந்தன. கொரின் கழுத்தில் இருந்த அதே தடிப்பு.

"ஆர்டிஸ், கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. குளிர்தான்." வெளியே நல்ல வெயில்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அவர் கிடக்கிறார், தூளை மாத்துங்கறார். எப்படி மாத்தறது? முதல் தடவை நான் துவைச்சுக் குடுத்தப்போ, வாசனை அருமையா இருக்குன்னு நீதானே கண்ணு சொன்னே? உனக்காகத்தான் அப்புறம் ஒரு பிடி அதிகமாவே போடறேன்."

கொரினுக்கு அப்படிச் சொன்னது நினைவுகூட இல்லை. மரியாதைக்குச் சொல்லியிருப்பாள்.

இப்போது அவள் உண்மையைச் சொன்னால் இந்தக் கைகள் பிழைக்கும், கழுத்தும் பிழைக்கும். ஆனால் அங்கியைக் கழற்றிவிட்டு, வெறும் குரலோடு போய் நிற்க வேண்டும். அந்தக் குரல் யார் மனதிலும் ஒட்டாமல் போனால்?

மேலே ஆர்கன் இசை தொடங்கிவிட்டது. கொக்கி இன்னும் மாட்டவில்லை. கொரின் வாயைத் திறக்கிறாள். நான் எழுதிக் கொடுத்தால் மறுபடியும் எலுமிச்சை கேக்கைத்தான் புகழ்வாள். நீங்கள் வெளியூர்க்காரர், இந்த ஊர் மரியாதை உங்களைக் கட்டாது. அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், எனக்கும் கழுத்து அரிக்கிறது.