மரெல்வா அடைத்த காற்று

மரெல்வாவின் சமையலறையில் பேசிய பேச்செல்லாம் கடலில் கேட்க ஆரம்பித்தது, ஆடு குழாயைத் தின்ற வருடத்தில்தான். கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் பொனேர் தீவில் ஆடு தின்னாத பொருள் என்று கள்ளிவேலியைத் தவிர வேறெதையும் சொல்ல முடியாது. மரெல்வா, கடலுக்கடியில் முக்குளிக்கப் போகிறவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று அடைத்துக் கொடுப்பவள். அவள் வீட்டுப் பின்முற்றத்தில் ஒரு கம்ப்ரசர் நாளெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். அது வெளிக்காற்றை உறிஞ்சி, இறுக்கி, சிலிண்டருக்குள் திணிக்கும். உறிஞ்சுகிற குழாய் வேலியோரம் கிடந்தபோது ஆடு அதை மென்றது. புதிதாக வாங்கிப் போட்டதையும் மென்றது. அடுத்ததை மரெல்வா ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டாள். கிழக்கிலிருந்து சுத்தமான காற்று வருகிற ஜன்னல் அது. அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு உள்பக்கம் இஸ்பேலியா உட்கார்ந்திருப்பாள் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

இஸ்பேலியா பக்கத்து வீட்டுக்காரி. காலைக் காப்பிக்கு வந்தால் மதியச் சோளக்களி இறங்கும்வரை பேசுவாள். அவளைச் சுற்றி இன்னும் நாலு பெண்கள் கூடுவார்கள். அந்தப் பேச்செல்லாம் காற்றோடு காற்றாகக் குழாயில் நுழைந்து, கம்ப்ரசரில் இறுகி, சிலிண்டரில் அடைபட்டு, சுற்றுலாக்காரர்களின் முதுகில் ஏறிப் பவளப்பாறையின் அடிவாரம்வரை போய் வந்தது. கீழே மூச்சு விடுகிறவருக்குக் குமிழிச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. குமிழி மேலே வந்து உடையும்போதுதான் பேச்சு வெளியே வரும்.

அதை முதலில் கேட்டவன் ஃபெலிஸ் என்கிற மீன்காரன். படகில் தனியாகத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். படகோரத்தில் குமிழிகள் வந்து உடைந்தன. "அந்த ஃபெலிஸ் இருக்கானே, அவன் குளிச்சு எந்தக் காலம் ஆச்சோ! அவன் நாத்தம் தாங்காமத்தான் மீனெல்லாம் வெனிசுலா பக்கம் ஓடுது" என்றது இஸ்பேலியாவின் குரல். ஃபெலிஸ் நாலு பக்கமும் பார்த்தான். ஈ காக்கை இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு டச்சுக்காரப் பெண்மணி தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினாள். ஃபெலிஸ் அவளைத் தாய் தகப்பன் வரைக்கும் இழுத்துத் திட்டினான். அவள் அதை இந்த ஊர் வணக்கம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே பதில் வணக்கம் சொல்லிவிட்டு நீந்திப் போனாள்.

ஒரு வாரம் யாரும் நம்பவில்லை. அப்புறம் எல்லோரும் கேட்டார்கள். அப்புறம் பழகிப்போனது. படகுத்துறையில் மடக்கு நாற்காலிகள் வந்தன. கடலுக்குள் இறங்கும் இடங்களைக் காட்டச் சாலையோரம் மஞ்சள் கல் நட்டிருக்கும். எந்தக் கல்லில் அன்றைக்குக் கூட்டம் இறங்குகிறது என்று விசாரித்து, அங்கே மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிற குடும்பங்களும் உண்டு. பாதிரியாருக்கு வேலைக்காரியிடம் பயம் என்பதும், தேர்தலில் நிற்கிறவர் ஓட்டுக்குப் பதிலாகப் போன முறை யாருக்கெல்லாம் குளிர்பெட்டி கொடுத்தார் என்பதும் கடல் வழியாகத்தான் வெளியே வந்தன. சிலர் பயந்து அந்தச் சமையலறைக்கு வருவதை நிறுத்தினார்கள். அதைவிட அதிகம் பேர், தாங்கள் சொல்ல நினைத்ததை ஊருக்குச் சொல்வதற்காகவே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். இஸ்பேலியா தன் குரல் கடலில் கணீரென்று கேட்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து தொண்டைக்கு இஞ்சி சாப்பிட ஆரம்பித்தாள்.

மரெல்வாவுக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, ஆனால் அவள் போய்க் கேட்கவில்லை. அவள் கடல் பக்கம் போகமாட்டாள். சின்ன வயதில், தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கிய நாளில், வெள்ளைக் கவுனோடு கரையில் நின்றவளை ஒரு அலை குப்புறத் தள்ளி, மொத்த ஊரையும் சிரிக்க வைத்துவிட்டது. அதற்கு அவள் இன்னும் கடலை மன்னிக்கவில்லை. குழாயை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னவர்களிடம், "ஆட்ட மாத்துங்க, நான் குழாய மாத்தறேன்" என்றாள்.

காலையில் சிலிண்டர் எடுக்க வருகிறவன் ரட்செல். சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிற வழிகாட்டி. வாழ்க்கையில் பாதியை வாயில் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் கழித்ததாலோ என்னவோ, அவனுக்குக் கரையிலும் பேச்சு வராது. எல்லாம் கைச்சாடைதான். கடையில் போய் வெண்ணெய் கேட்பதையும் விரலால் கேட்பான். மரெல்வா "எத்தன வேணும்?" என்பாள், விரலைக் காட்டுவான். "காப்பி குடிக்கிறியா?" என்பாள், வேண்டாம் என்று தலையை ஆட்டுவான். இப்படியே பல வருடம் ஓடியது. மரெல்வாவும் தனியாள். அவனும் தனியாள். ஊர் இதைக் கவனிக்காமல் இல்லை.

ஒரு நாள் மரெல்வா ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்த நேரத்தில், ரட்செல் ஜன்னல் பக்கம் நகர்ந்து குழாய்க்குள் வாயை வைத்தான். அன்றைக்கு மதியம் ஒரு பருத்த ஜெர்மன்காரரின் தலைக்கு மேலே உடைந்த குமிழிகள், ரட்செலின் கம்மிய குரலில் பேசின. "மரெல்வா, இன்னிக்கு நீ பச்சை ஸ்கார்ஃப் கட்டியிருக்க. துஷி. அவ்ளோதான். வரேன்."

படகுத்துறையில் மடக்கு நாற்காலிகள் முன்னுக்கு நகர்ந்தன. துஷி என்பது எங்கள் ஊரில் தினமும் புழங்குகிற சொல். ருசியான மீன்குழம்பும் துஷிதான், மனசுக்குப் பிடித்தவளும் துஷிதான். ஆனால் குழம்பு ஸ்கார்ஃப் கட்டாது. அந்தக் குரல் அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும். ஒரு நாள், "நேத்து நீ சிரிச்ச. எதுக்குன்னு தெரியல. நல்லாருந்துச்சு." இன்னொரு நாள், "காப்பி குடிக்கிறியான்னு கேட்டப்ப குடிக்கிறேன்னு சொல்லத்தான் நெனச்சேன்." சிலிண்டர் யார் முதுகுக்குப் போகுமோ தெரியாது. ஒரு நாள் தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளையின் குமிழியில் மரெல்வாவின் பெயர் வந்து, படகில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் அவன் மேலே வருவதற்குள் அழுது முடித்திருந்தாள்.

தீவு முழுக்கத் தெரிந்த விஷயம் மரெல்வாவுக்கு மட்டும் தெரியாது. ரட்செலுக்கோ, தான் சொன்னது எங்கே போகிறது என்றே தெரியாது. கடல் பேசுகிறது என்று ஊர் சொன்னதை அவன் நம்பியதில்லை; பேச்சு கேட்கிற இடத்துக்கு அவன் எப்போதும் அடியிலேயே இருந்தான். காற்றிடம் சொன்னேன், காற்றோடு போயிற்று என்று இருந்தான். யாரும் இருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனசால் அல்ல. ஓடிக்கொண்டிருக்கிற தொடர்கதையை நடுவில் யார் நிறுத்துவார்கள்?

உபால்தோ வந்ததும் நிலைமை மாறியது. ரிங்கோன் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவர், மனைவியை இழந்தவர், தங்கப்பல்காரர், குறை சொல்ல முடியாத மனிதர். தினமும் ஒரு சூடான ரொட்டியோடு வந்து, கடைசியில் மரெல்வாவைப் பெண் கேட்டே விட்டார். ஊரே நெருப்புத் தாண்டுகிற சான் ஹுவான் திருநாளன்று பதில் சொல்கிறேன் என்றாள் அவள். ஒரே ஒரு நிபந்தனைதான் உபால்தோ வைத்தார்: ராத்திரி அடுப்பில் நிற்கிறவன் பகலில் தூங்கியாக வேண்டும், அதனால் கம்ப்ரசரை விற்றுவிட வேண்டும்.

இது காதில் விழுந்ததும் தீவுக்கு ரட்செலின் மேல் திடீரென்று அக்கறை பிறந்தது. பெண்ணும் போய், கம்ப்ரசரும் போனால், மடக்கு நாற்காலிகளை என்ன செய்வது? திருநாளுக்கு முந்தின நாள் இஸ்பேலியாவை அனுப்பினார்கள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் சொன்னாள்.

மரெல்வா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஊர் பூரா கேட்டிருக்கு?"

"பூரா கேட்டுச்சுடி."

"போன வருஷத்துலேர்ந்து?"

"சுற்றுலா வந்தவங்களுக்குக்கூடத் தெரியும்."

"எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல. நீகூட. தினம் என் காப்பியக் குடிச்சுக்கிட்டு."

இஸ்பேலியா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மரெல்வா அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே அவள் என்ன பேசினாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் அடைத்து, அதன் கழுத்தில் ஒரு துண்டுத் துணியைக் கட்டி வைத்தாள். மறுநாள் ரட்செல் வந்தபோது, "இது உனக்கு. வேற யாருக்கும் குடுக்காத" என்றாள். அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

திருநாளன்று ஊரே துறையில் கூடியது. இரவு தாண்டப்போகிற நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர்களும் விறகைப் போட்டுவிட்டு வந்தார்கள். உபால்தோ வெள்ளைச் சட்டையில், கையில் ரொட்டியோடு நின்றார். அப்போது மரெல்வா வந்தாள். நற்கருணை நாளுக்குப் பிறகு அவள் கடலோரம் நிற்பது அதுதான் முதல்முறை. கூட்டம் விலகி வழி விட்டது.

ரட்செல் சுற்றுலாக் கூட்டத்தோடு கீழே இருந்தான். குமிழி மேலே வரவர உடைந்து சிதறுகிற பொருள், அதனால் பேச்சும் துண்டுதுண்டாகத்தான் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "ரட்செல், உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றது மரெல்வாவின் குரல். "ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு எங்கிட்ட சொல்லத் தெரியலையா?" கொஞ்ச நேரம் வெறும் காற்று. "உபால்தோ நல்ல மனுஷன். ரொட்டியும் நல்லாத்தான் இருக்கு." உபால்தோவின் தங்கப்பல் மின்னியது. மறுபடி வெறும் காற்று. அப்புறம், "நீ வர்ற நேரம் பாத்துத்தான் நான் அந்தப் பச்சை ஸ்கார்ஃபக் கட்டறேன், பைத்தியக்காரா. சரின்னுதான் சொல்றேன். வந்து கேளு."

துறையில் எழுந்த கூச்சலில் நாரைகள் பறந்தன. மரெல்வா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரலைக் கடல் சொல்லக் கேட்பது அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ரட்செல் மேலே வரவில்லை. ஆழத்திலிருந்து வருகிறவர்கள் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மூன்று நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் உடம்புக்கு ஆபத்து. அந்த விஷயம் துறையில் நின்ற யாருக்கும் தெரியாது. தெரிந்த வழிகாட்டிகள் எல்லாம் வேறு மஞ்சள் கற்களில் இறங்கித் தண்ணீருக்குள் இருந்தார்கள். மரெல்வாவுக்குச் சிலிண்டர் தெரியும், கடல் தெரியாது. பொறுமை தாங்காத ஃபெலிஸ், "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று சட்டையோடு குதித்தான். கீழே போய், ரட்செலின் முகத்துக்கு நேராக, ஜெயித்துவிட்டாய் என்கிற அர்த்தத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். முக்குளிக்கிறவர்களுக்குக் கட்டைவிரல் என்றால் 'உடனே மேலே வா' என்று அர்த்தம். ரட்செல் முடியாது என்று கையை ஆட்டினான். ஃபெலிஸ் விடாமல் மறுபடி கட்டைவிரலைக் காட்டினான். ரட்செல் இன்னும் பலமாகக் கையை ஆட்டி, மூன்று விரலைக் காட்டினான்.

ஃபெலிஸ் மூச்சிரைக்க மேலே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்னடா சொன்னான்?"

"வேண்டாங்கறான்."

"என்னது?"

"ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவயும் வேண்டாங்கறான். மூணு விரலக் காட்டறான். ஏற்கெனவே மூணு பேரு இருக்காங்க போல."

"இந்த ஊமைக்கு மூணா!" என்றாள் இஸ்பேலியா. இத்தனை பேச்சு கேட்ட கடலில் இது ஒன்று கேட்காமல் போனதே என்று அவளுக்கு ஆற்றாமை. கூட்டம் மெல்ல மரெல்வாவின் பக்கம் திரும்பியது. அவள் முகம் ஒரு முறை சிவந்து, அப்புறம் வெறுமையானது. எனக்கு அந்த நேரத்தில் அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை, யாருக்குமே பொறுக்கவில்லை. உபால்தோ மட்டும் சமயம் அறிந்தவர். ரொட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, துறையின் பலகையில் முழங்காலிட்டு, "நான் வேண்டாங்கல, மரெல்வா" என்றார். மரெல்வா அவரைக் குனிந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அப்போது ஏணிக்குப் பக்கத்தில் ரட்செலின் தலை வெளியே வந்தது. மொத்த ஊரும் துறையில் நிற்பதையும், ஒரு மனிதர் மண்டியிட்டிருப்பதையும், கடல் பக்கமே வராத மரெல்வா தண்ணீரோரம் நிற்பதையும் பார்த்தவன், மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினான். "யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல மச்சான்," என்றான் ஃபெலிஸ். "அந்த மூணு பேரு யாருடா?"

"எந்த மூணு பேரு? மூணு நிமிஷம்டா. மூணு நிமிஷம் நிக்கணும்னேன்."

மரெல்வா ஏணியருகே வந்தாள். "நான் சொன்னது கேட்டுதா?"

"நீ எப்ப சொன்ன? என்ன சொன்ன?"

கூட்டத்தில் நூறு பேர் ஒரே குரலில் சொல்ல வாயெடுத்தார்கள். மரெல்வா திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை வாயும் மூடிக்கொண்டன. "எங்கிட்ட எதாவது கேக்கணுமா உனக்கு?" என்றாள் அவனிடம். ரட்செல் கையைத் தூக்கினான். "கையக் கீழ போடு. வாயால கேளு."

ரட்செல் ஏணியில் ரெண்டு படி ஏறினான். தண்ணீர் சொட்டியது. பேசிப் பழகாத தொண்டை. கத்தியதில் குரல் பாதி கம்மிப்போயிருந்தது. மரெல்வா குனிந்தாள். அவன் அவள் காதோரம் என்னவோ சொன்னான். ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை அல்ல. நன்றாக நேரம் எடுத்துத்தான் சொன்னான். மரெல்வா கேட்டு முடித்து, நிமிர்ந்து, ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு, "வா, காப்பி குடிக்கலாம்" என்றாள்.

"குடிக்கிறேன்" என்றான் ரட்செல். அது எல்லோருக்கும் கேட்டது.

கல்யாணத்துக்கு ரொட்டி உபால்தோதான் சுட்டார். மனசு வலித்தாலும் ரொட்டியில் குறை வைக்கவில்லை. கம்ப்ரசர் இப்போதும் ஓடுகிறது, குழாய் ஜன்னலில்தான் இருக்கிறது, இஸ்பேலியா இஞ்சி சாப்பிட்டுக்கொண்டு பேசுகிறாள், கடல் அதைத் திருப்பிச் சொல்கிறது. புருஷன் பெண்டாட்டி சண்டை மதியமானால் மஞ்சள் கல்லுக்கு மஞ்சள் கல் கேட்கிறது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ரட்செல் அன்றைக்கு அவள் காதில் சொன்னது மட்டும் இதுவரை எந்தக் குமிழியிலும் வரவில்லை. என்னதான் சொன்னான் என்று துறையில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. மரெல்வாவிடம் நேராகவே கேட்டுப் பார்த்தோம். அவள் ஜன்னலை எட்டிச் சாத்திவிட்டு, எத்தனை சிலிண்டர் வேண்டும் என்று கேட்டாள்.