பென்சில் படாத ‘பிக்’

அகராதி ஆசிரியரின் கடிதத்தை ஹான்னா இரண்டு தரம் படித்தாள். ‘“பிக்” என்ற சொல்லுக்குப் பழைய மேற்கோள் போதவில்லை. வெள்ளிக்கிழமை பக்கம் அச்சேறுகிறது. உங்களிடம் உண்டா?’

இங்கிலாந்தின் விட்பி ஊரில் இருந்தபடியே, ஒன்பது வருஷமாகச் சம்பளமில்லாமல், பழம்பாடல்களைப் படித்து மேற்கோள்களைத் துண்டுச்சீட்டில் எழுதி அகராதிக்கு அனுப்புகிறவள் அவள். ஒரு சொல்லையும் விடமாட்டாள் என்று பெயர். அந்தப் பெயரை விட்டால் அவளுக்கு வேறு பெருமை கிடையாது.

“பெரிசுன்னு சொல்ற ‘பிக்’குக்கெல்லாமா சீட்டு எழுதுவாங்க?” மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே தங்கை டாபித்தா சிரித்தாள். “நம்ம நாய்க்குக்கூடத் தெரியுமே அக்கா!”

அங்கேதான் கோளாறு. யாரும் கேள்விப்படாத சொல் அகப்பட்டால் ஹான்னா துள்ளிக் குதித்து எழுதுவாள். தினமும் வாயில் புரளும் சொல்லை யார் சீந்தினார்கள்? அகராதிக்காகப் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதே தப்பைத்தான் செய்தார்கள்.

தான் முதன்முதலில் படித்த நூலை எடுத்தாள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய வட இங்கிலாந்துப் பாட்டு. நாற்பதாம் பக்கத்தில் ஓர் அபூர்வச் சொல்லுக்கு அடியில் அவளுடைய பென்சில் கோடு. ஆசிரியரே பாராட்டிய சொல் அது. அதே வரியில், இரண்டு சொல் தள்ளி, கோடு படாமல், ‘பிக்’!

அடேயப்பா! அங்கே அது உருவத்தைச் சொல்லவில்லை. ஒரு வீரனின் பலத்தைச் சொன்னது. கப்பலேறி வந்ததோ, இந்த மண்ணிலேயே முளைத்ததோ, அதன் வேர் யாருக்கும் தெரியாது. ரொட்டிக்கும் அலைக்கும் தங்கையின் மூக்குக்கும் அதைத்தானே வாய் ஓயாமல் சொல்லிவந்தாள்? கண் கலங்கிவிட்டது.

“இதை அனுப்பினா நீ கோட்டை விட்டது தெரிஞ்சுபோகுமே,” என்றாள் டாபித்தா. “பேசாம இல்லைன்னு எழுதிடு. யாரு கேக்கப் போறா?”

இல்லையென்று எழுதினால், பின்னாளில்தான் பிறந்தது போல, அச்சில் அந்தச் சொல்லின் வயது குறைந்துவிடும். ஹான்னா சீட்டை எழுதினாள். கீழே, ‘பார்த்தும் விட்டுவிட்டேன். என் பழைய சீட்டுகளை மட்டும் நம்பவேண்டாம். எல்லா நூல்களையும் முதலிலிருந்து படிக்கிறேன்’ என்று சேர்த்தாள்.

“ஒன்பது வருஷத்தையுமா? ஐயோ, எவ்வளவு பெரிய வேலை!”

தங்கை வாயில் அந்த ‘பிக்’கேதான். மீன் கவிச்சிக்கு நடுவே, அதை முதன்முறையாகக் கேட்பவளைப் போல ஹான்னா அப்படியே நின்றுவிட்டாள்.

“டாபித்தா, இன்னொரு தரம் சொல்லேன்,” என்றாள்.