முப்பத்தொரு பேராச்சியும் ஓர் ஓட்டையும்

தாராவியில் எங்கள் சங்கம் நடத்துகிற மருந்தகத்தின் மென்பொருளை எழுதியவள் நான்தான். பதினோரு வருஷம் ஒருநாள்கூட நிற்காமல் ஓடியது. இதைச் செம்பூரில் நான் வேலை பார்க்கிற ஆபீசிலும் சொல்லுவேன், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொல்லுவேன். பிரேமலதா பெருமை பேசுகிறாள் என்றால் பேசிவிட்டுப் போகட்டும். எழுதினவள் பேசாமல் வேறு யார் பேசுவது?

அதில் ஒரு விசேஷம் உண்டு. எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரே குலதெய்வம், பேராச்சி. அதனால் மருந்தகத்தில் மட்டும் முப்பத்தொரு பேராச்சி. அப்பா பேரைச் சேர்த்தாலும் தீராது, அவர்களில் நாலு பேருக்கு அப்பா பேரும் ஒன்றே, பிச்சையா. கார்டு மாறி, சர்க்கரைக்காரியின் மாத்திரையைப் பிரஷர்காரி விழுங்கிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. நான்தான் பட்டப்பெயருக்கு ஒரு கட்டம் வைத்தேன். சுக்குக்காப்பி பேராச்சி, மாடிப்படி பேராச்சி, மெஸ் பேராச்சி. என்னை இந்தியில் 'தீதி', அக்கா, என்று கூப்பிடுகிற சபா கவுண்டரில் பட்டப்பெயரைத் தட்டினால் சரியான கார்டு வந்து நிற்கும்.

அதைச் செய்த விதத்தில்தான் புத்தி கெட்டுப்போனேன். மென்பொருள் முழுவதையும் ஒருவரே எழுதுவதில்லை. யாரோ எழுதி இலவசமாகத் தந்த பாகங்களை எடுத்துக் கோத்துக்கொள்வோம். உள்ளே நுழைகிறவர் யார் என்று பார்த்துக் கார்டைத் தேடித் தருகிற பாகம் அப்படி வந்ததுதான். பட்டப்பெயர் அதில் ஏறவில்லை என்று, அந்தப் பாகத்தையே பிரித்து உள்ளே என் கைச்சரக்கைச் சேர்த்தேன். அப்புறம் அதற்குப் புதிய பதிப்பு வந்தால் மாட்ட முடியாது. மாட்டினால் நான் சேர்த்தது அழிந்துபோகும். தெரிந்தேதான் செய்தேன். பதினோரு வருஷம் புதிய பதிப்பின் பக்கமே திரும்பவில்லை.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் அறிவிப்பு வந்தது: அந்தப் பழைய பாகத்தில் ஓட்டை. மருந்தகத்து டாக்டரம்மா மாஹிமில் தன் வீட்டிலிருந்தே கார்டுகளைப் பார்க்கட்டும் என்று எல்லாவற்றையும் இணையத்தில் வைத்திருந்தோம். ஓட்டை தெரிந்தவன் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வந்து, யாருக்கு என்ன வியாதி என்று படித்துவிடலாம்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மெஸ் பேராச்சி. பட்டப்பெயரையும் வேலையையும் மாற்றித்தான் சொல்கிறேன், என் வாயிலிருந்தும் வெளியே போகக்கூடாது. மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசநோய்க்கு நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டாகிவிட்டது, இன்னும் ரெண்டு மாதம். இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மெஸ்ஸில் அதைக் காதில் வாங்குவார்களா? மாத்திரைக்கு வந்த முதல்நாளே அவள் என்னிடம் கேட்டாள்.

"யக்கா, எம்பேரு வெளிய போவாதுல்லா? போச்சுன்னா வேலை போயிரும். அந்தப் பயம் இருந்தா நான் மாத்திரைக்கே வரமாட்டேன்."

"என் சாப்ட்வேர்ல இருந்து போகவே போகாதுட்டி," என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அன்றைக்கே இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சங்கச் செயலாளர் சிவனாண்டி அண்ணாச்சியிடம் போனேன். தோல்பைப் பட்டறை வைத்திருப்பவர்.

"இணையத்தை அறுத்தாச்சுல்லா, அப்படியே கெடக்கட்டும்," என்றார். "டாக்டரம்மா வாரத்துல ரெண்டு நாள் நேர்ல வரட்டும். ஓடுத மிஷின எதுக்கும்மா கழட்டணும்? நம்ம பட்டறையில ஒருக்கா கழட்டி மாட்டுனேன், ரெண்டு ஸ்குரு மிச்சம் கெடக்கு. பேராச்சிக்குப் பேராச்சி மாத்திரை மாறிச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

அவர் சொன்னதில் பாதி நியாயம். அதுதான் எனக்கு எரிச்சல்.

"மத்த நாள்ல வாரவங்க யாரைப் பாப்பாங்க அண்ணாச்சி? மாத்திரை மாறாதுன்னு முன்னாடியே சோதிச்சுப் பாத்துரலாம். ஓட்டையோட இணையத்தை மறுபடி மாட்டிப் பேரு வெளிய போச்சுன்னா திருப்பிக் கொண்டார முடியுமா?"

"எப்படிச் சோதிப்ப?"

"முப்பத்தொரு பேரையும் ஞாயித்துக்கிழமை வரச்சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க, பட்டப்பெயர் வேலையைப் பாகத்துக்கு வெளியே தனியாக, ஒழுங்காக எழுதினேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பதினோரு வருஷ ஓட்டத்தை என் கையாலேயே நிறுத்தினேன். புதிய பாகம் ஏறி முடிய மதியம் இரண்டு.

வாசலில் பேராச்சிகளின் வரிசை கறிக்கடை வரை நின்றது. ஒவ்வொருத்தியாக வந்து பட்டப்பெயர் சொல்ல, சபா தட்ட, கார்டு வந்தது. இருபத்தெட்டு சரி. இருபத்தொன்பதாவது மெஸ் பேராச்சி. திரை காலி.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "ஸ்குரு," என்றார்.

எனக்கு முகத்தில் சூடு ஏறியது. "நீ முன்னால என்ன வேலைட்டி பாத்த?" என்று அவளைக் கேட்டேன்.

"பூ கட்டுனேன்க்கா."

புரிந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு வேலை மாறினால் பட்டப்பெயரும் மாறும். பழைய மென்பொருள் புதுப் பட்டப்பெயரைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தது. நான் அதை எடுத்துவர மறந்திருந்தேன். அரைமணி நேரத்தில் சரிசெய்து, வரிசையை முதலிலிருந்து நிற்கவைத்தேன். முணுமுணுத்தார்கள், ஆனால் நின்றார்கள். நாலு மணிக்கு முப்பத்தொரு கார்டும் சரி. அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார்.

மெஸ் பேராச்சியை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டேன்.

"அன்னைக்குப் போகவே போகாதுன்னு சொன்னேன்லா, அது தப்பு. ஓட்டை இருந்திருக்கு. உள்ள வந்தது யாரு யாருன்னு பதிவை வரி வரியாப் பாத்துட்டேன், வெளி ஆளு வந்த தடயம் ஒண்ணும் இல்ல. இப்ப அடைச்சாச்சு. இனி வேற ஓட்டை வந்தாலும் நான்தான் அடைக்கணும்."

"மாசாமாசம் பாப்பியாக்கா?"

"பாப்பேன்."

"அப்ப நாளைக்கு மாத்திரைக்கு வாரேன்," என்று எழுந்துபோனாள். ரெண்டு மாதமும் ஒருநாள்கூடத் தவறவில்லை.

போன வாரம் என் பிரஷர் மாத்திரைக்குப் போயிருந்தேன். மருந்தகத்தில் பிரேமலதா மூன்று பேர். சபா எதையோ தட்டினாள், என் கார்டு வந்தது. பட்டப்பெயர்க் கட்டத்தில், 'பூட்டு பிரேமலதா'.

"இதை யாரு போட்டது?"

"மெஸ் பேராச்சிதான் போடச் சொன்னாங்க, தீதி. கடைசி மாத்திரை வாங்குன அன்னைக்கு."

பதினோரு வருஷக் கதையை இப்போது ரயிலில் சொல்வதில்லை. என் பேர் என்ன என்று யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.