தலைமாட்டில் ஓர் இருக்கை

மஞ்சுநாத் நீட்டிய பஞ்சை வீணா வாங்கவில்லை.

“பெட்டியத்தான் மூடிட்டாங்களே. இனிமே எதுக்குங்க?”

“அய்யோ, உங்க காதுக்கு அக்கா. இந்த பிளேன்ல சத்தம் ஜாஸ்தி.”

அந்த ராணுவச் சரக்கு விமானத்தில் ஏற்றி இறக்கும் பொறுப்பு அவருடையது. சண்டிகரில் அவர் பேசிய கன்னடம் தோய்ந்த தமிழ் ஒன்றுதான் அவளுக்குப் புரிந்தது. நடுவே, வலைபோட்டுக் கட்டிய மரப்பெட்டிகளுக்கும் டயர் அடுக்குக்கும் இடையில், கொடி போர்த்திய பெட்டிக்குள் அவளுடைய தம்பி முனிகிருஷ்ணன். ஓரத்தில் நாடா பின்னிய இருக்கைகள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார். வீணா யோசித்தாள். இறந்தவருக்குத் தலை தெற்கே இருக்க வேண்டும். விமானம் பெங்களூருக்கு, தெற்கே போகிறது. அப்படியானால் விமானி இருக்கும் பக்கம்தான் தலைமாடு. அந்த முனைக்கு அருகே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பனிமலையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தகவல் வந்து, ரயிலேறிச் சண்டிகர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, பெட்டியை மூடி ஆணியடித்திருந்தார்கள். பெங்களூரின் எலகங்கா விமானதளத்தில் இறங்கினால் அதிகாரிகள், பேண்டு வாத்தியம். மர்பி டவுன் வீட்டில் அம்மா, கூடவே தெரு முழுக்க. அவனோடு தனியாகப் பேச இந்த ஆகாயம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

மேலே போனதும் குளிர் இரும்புத் தரையிலிருந்து ஏறியது. மஞ்சுநாத் தலையசைத்து அனுமதித்தார். அவள் பெட்டியின் அதே முனையருகே குந்தி, கொடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

ஒருமுறை லீவில் வந்தபோது சொல்லியிருந்தான்: “ஒருநாள் ஓசில கூட்டிட்டுப் போறேன் பாரு, சரக்கு பிளேன்ல. நீ பயந்து கத்துவ. ஒருத்தனுக்கும் கேக்காது.”

“எங்கடா கத்துறேன்? தைரியமாத்தான ஒக்காந்திருக்கேன்?” என்று இப்போது கத்தினாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அது வசதியாக இருந்தது. கடைசி போனில் அவன், கால் மட்டும் சூடாகவே மாட்டேங்குதுக்கா என்றான். விவேக் நகர் கடையில் வாங்கிய கம்பளி சாக்ஸ் அவள் பையில் அப்படியே இருந்தது. அதைச் சொன்னாள். அம்மாவை இனி எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். அவன் காது அங்கேதான் இருக்கிறது என்று எண்ணி, கை மரத்துப்போன பிறகும் எடுக்காமல், குனிந்து குனிந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

எலகங்காவில் பின்கதவு திறந்தது. வெயிலோடு சிப்பாய்கள் ஏறினார்கள். மஞ்சுநாத் வால்பக்க முனையைக் காட்டி, “தலைப்பக்கம் இது. மெதுவா” என்றார்.

வீணா காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். “அதுவா தலை?”

“ஆமா அக்கா. பெட்டியிலயே எழுதியிருக்குதே, கொடிக்குக் கீழ.”

“அப்போ நான் இவ்ளோ நேரம்…”

எழுந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தாள். மரத்துப்போன முழங்கால் வரவில்லை. வெளியே பேண்டு தொடங்கிவிட்டது.

“ஒரு நிமிஷம் இருங்கப்பா. ஒரே ஒரு நிமிஷம்.”

அவர்கள் தயங்கி நின்றார்கள். வெளியிலிருந்து யாரோ கையசைத்து அழைக்க, பெட்டி தோள்களுக்கு ஏறியது.

அவள் கை இருந்த இடத்தில் மட்டும் கொடி கசங்கியிருந்தது. கடைசியாக நின்ற சிப்பாய் அதை நீவிச் சரிசெய்யக் கையை உயர்த்தினான்.

“கால்தானே,” என்றாள் வீணா. “அது அப்படியே இருக்கட்டும்பா.”