ஆடாத புள்ளி

என்னை மேசையில் கட்டிப்போட்டு அரைமணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு கைகளும் பட்டைக்குள். நெஞ்சுக்கு மேலே எக்ஸ்ரே பெட்டி, பெரிதாக மூச்சு விட்டால் இடிக்கும்போல அவ்வளவு தாழ்வாக. லிஃப்டில் ஏறினாலே வியர்க்கிற ஆள் நான். அறுபத்தாறு வயதில் இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"மூக்கு அரிச்சா சொல்லுங்க டோர்ஃப்லர் ஐயா, நான் சொறிஞ்சு விடறேன்," என்றான் நர்ஸ் லோரென்ஸ். "போன வாரம் ஒருத்தருக்கு மூணு தடவ சொறிஞ்சேன். அப்புறமா புகை வாசம் அடிக்கிற நம்ம ஊரு பீர் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு."

என் இதயத்தில் பிறவியிலேயே ஒரு குறுக்கு வழி. அதில் மின்துடிப்பு புகுந்தால் நாடி இருநூறைத் தொடும். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டு அதைச் சுட்டு அடைக்க வேண்டும். ஓர் அரிசி அளவு தள்ளிச் சுட்டால், பக்கத்திலிருக்கும், துடிப்பைக் கடத்துகிற நல்ல முடிச்சு செத்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் பேஸ்மேக்கர்தான்.

திரையில் கம்பியின் நுனிமேல் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.

"இது வந்தப்புறம் என் கண்ணு பிழைச்சுது," என்றார் டாக்டர் ரோஸ்விதா. "நுனி எங்கன்னு தேடவே வேண்டாம். எவ்வளவு சமத்தா ஆடாம நிக்குது பாருங்க."

அந்தப் புள்ளியைக் காட்டும் மென்பொருளை எழுதியவன் நான். படிவத்தில் 'ஓய்வு பெற்றவர்' என்று மட்டும் போட்டிருந்தேன். பொய் சொல்வானேன், உச்சி குளிர்ந்துவிட்டது.

முதலில் அது ஆடத்தான் செய்தது. இதயம் துடித்தால் கம்பியும் துள்ளுமே. "பாக்கறவன் பயந்துடுவான், நிக்க வை," என்றார் என் மேலாளர். கடைசிச் சில விநாடிப் படங்களைச் சேர்த்து, அவற்றின் சராசரி இடத்தில் புள்ளியை வைத்தேன். நின்றது. நுனி சட்டென்று நழுவினால் புள்ளி பின்தங்கும் என்று எனக்குத் தெரியும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதை ஒரு வரி எழுதிவிட்டுக் கை கழுவினேன்.

"இப்ப சுடப் போறேன். ஆடக்கூடாது, பேசக்கூடாது. பேசினா கம்பி நகர்ந்துடும்," என்றார் டாக்டர். அவருடைய கால் சூட்டு மிதியைத் தேடியது.

பயத்தில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டேன். கம்பியின் மங்கலான நிழல் புள்ளிக்கு அடியிலிருந்து நழுவி, முடிச்சுப் பக்கம் போனது. புள்ளி அசையவே இல்லை. டாக்டரின் கண் புள்ளியில்தான் இருந்தது. பேசினால் கம்பி இன்னும் நகரும். பேசாவிட்டால் சுட்டுவிடுவார். என் பொறியில் நானே மாட்டிக்கொண்டேன்.

மூச்சை அடக்கி, உதடு மட்டும் அசைய முணுமுணுத்தேன். "கால எடுங்க. புள்ளிய நம்பாதீங்க."

"ஐயா, பேசாதீங்கன்னு சொன்னேன்ல?"

"அத எழுதினதே நான்தான். அது பின்தங்கும்."

கால் விலகியது. லோரென்ஸ் புள்ளியை அணைத்தான். வெறும் படத்தில் நுனி முடிச்சின் மேலேயே உட்கார்ந்திருந்தது. டாக்டர் கம்பியை மெல்லப் பின்னுக்கு இழுத்தார்.

"இதப் பாத்து நாப்பத்தோரு பேருக்கு செஞ்சிருக்கேன்," என்றார் பிறகு. "ரெண்டு பேருக்கு பேஸ்மேக்கர் வைக்கும்படி ஆயிடுச்சு. அதுல ஒருத்திக்குப் பத்தொம்பது வயசு. என் கைதான் தப்பு பண்ணிடுச்சுன்னு ஒரு வருஷமா எனக்குத் தூக்கமில்ல."

எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை.

"மூக்கு அரிக்குதா ஐயா?" என்று கேட்டான் லோரென்ஸ். குரலில் கிண்டல் இல்லை.

"கட்ட அவுத்து விடுப்பா," என்றேன்.

"அவுக்காத," என்றார் டாக்டர். "இன்னும் வேலை முடியல. ஆடாம படுங்க."