மறுபாதிக்கு ஆள் வேண்டும்

நெடுந்தீவில் வஸ்தியாம்பிள்ளை செபமாலை சொல்லுவதென்றால் இரண்டு கதிரை வேண்டும். ஒன்றில் இருந்து "அருள் நிறைந்த மரியாயே" என்று முற்பாதியைச் சொல்லுவார். பிறகு எழும்பி மற்றக் கதிரைக்குப் போய், மனைவி றோசம்மா சொல்லுகிற மறுபாதியைச் சொல்லுவார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பயந்து அவளும் பிள்ளைகளும் வள்ளமேறிப் போய்விட, மாடுகளைப் பார்க்கவென்று இவர் மட்டும் நின்றுவிட்டார். அவளுடைய குரலிலேயே சொல்லிப் பார்த்ததும் உண்டு. மாடுகள்தான் திரும்பிப் பார்த்தன.

அன்று பொழுதுபடும் நேரம், முற்பாதி முடிந்தும் எழும்ப மனம் வரவில்லை. தனக்குத்தானே பதில் சொல்லுகிற இந்த விசர் வேலை இன்றோடு போதும் என்று செபமாலையைச் சுருட்டினார்.

கல்வேலிக்கு அப்பால் ஒரு கரகரத்த குரல் எழுந்தது.

"அர்ச்சனை மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

மார்க்கண்டு! இவருடைய மாடு தன் பயிரை மேய்ந்த நாள் தொட்டு இவரோடு பேசாத பக்கத்து வளவுச் சைவக்காரர்.

"அண்ணை, அது அர்ச்சனை இல்லை, அர்ச்சிஷ்ட."

"உம்மடை மனுசி அப்பிடித்தான் சொல்லுறவ. இவ்வளவு காலமும் வேலிக்கு இஞ்சாலை இருந்து கேட்டனான், எனக்குத் தெரியாதே? பாதியிலை விட்டால் எனக்குச் சோறு இறங்காது. மிச்சத்தைச் சொல்லும்."

வஸ்தியாம்பிள்ளை சுருட்டிய செபமாலையை மறுபடி விரித்தார்.

"அங்கை நிண்டு கத்தாமல் இஞ்சை வாங்கோவன் அண்ணை."

"முதல் உம்மடை மாட்டைக் கட்டும்."

மற்றக் கதிரையில் வந்திருந்தவர் கடைசி மணி வரைக்கும் அர்ச்சனை என்றுதான் சொன்னார்.  றோசம்மா வந்து திருத்தட்டும் என்று வஸ்தியாம்பிள்ளை விட்டுவிட்டார்.